மூடுபனிக்கு ஓர் அட்டை

முதலில் புதியதைத்தான் வாங்கினேன்.
மூன்று விசிறி, செங்கல் கனம்.
பெட்டிக்குள் நுழைய மறுத்து
வட்டுத் தட்டு ஒன்றைக் கழற்ற வைத்தது.
பழைய பவர் சப்ளைக்கோ
குருவி தலையில் பனங்காய்:
கணினி ஒருமுறை விக்கி அணைந்தது.
அதையும் மாற்றினேன்.
க்தான்ஸ்க் துறைமுகத்தில்
ஒரு மாதம் பெட்டி தூக்கிய கூலி
இப்படியாக ஒரு பெட்டிக்குள் போனது.

விளையாட்டு அதே பழையதுதான்.
தீவு, அணைந்த கலங்கரை விளக்கம்,
கையில் ஒரு லாந்தர்.
இரண்டாயிரத்து ஒன்றில் பாதியில் விட்டது.

நொடிக்கு முந்நூறு சட்டகம்!
காவலாளி பேய் பிடித்தவன்போல ஓடினான்.
கதவுகள் படபடத்தன.
நான்கு நிமிடத்தில் விடிந்து
நான்கு நிமிடத்தில் இருட்டியது.
அறுபதுக்குமேல் போகாதே என்று கடிவாளம் போட்டேன்.
அடங்கியது.

அப்புறம்தான் கவனித்தேன்,
பனி இல்லை.

தீவின் மறுமுனைவரை பளிச்சென்று தெரிந்தது.
அதற்கும் அப்பால்
உலகம் கத்தரித்த துணிபோல் முடிவதும் தெரிந்தது.
எண்ணூறு அடி தள்ளி,
தன் முறை வரும்வரை
கையைத் தொங்கவிட்டு நின்றது அந்த மிருகம்,
மேடைக்குப் பின்னால் டீ குடிக்கும் ராஜபார்ட் மாதிரி.
சிரித்துவிட்டேன்.
சிரிக்கக் கூடாத இடம் அது.
அன்று அதே இடத்தில்
கால்கள் இரண்டையும் நாற்காலிமேல் இழுத்துக்கொண்டவள் நான்.

ரயில் பாலத்துக்குக் கீழே வித்தோல்டின் கடை.
எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை.
என்ன பார்க்க வேண்டும் என்றார்.
பார்க்காமல் இருக்க வேண்டும் என்றேன்.
ஏதோ அளவு சொன்னதுபோலத் தலையாட்டிவிட்டு
மூன்றாவது இழுப்பறையைத் திறந்தார்.

உள்ளங்கையளவு பச்சை அட்டை.
ஒற்றை விசிறி, அதுவும் முனகல்.
வயிறு உப்பிய கெப்பாசிட்டர் இரண்டை
அங்கேயே பிடுங்கி வேறு வைத்தார்.
சாலிடர் புகை
கடைக் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது.
இது பொருந்தும் மதர்போர்டு இப்போது வருவதில்லை என்று
அதையும் சேர்த்துத் தந்தார்,
எல்லாம் தொண்ணூறு ஸ்லோட்டி.
‘சீடியில் இருக்கும் டிரைவரையே போடு.
புதியது வேண்டாம்.
புதியதை எழுதினவனுக்குப் பனியைத் தெரியாது.’

செங்கல்லை யாகோடாவின் மகனுக்கு
வந்த விலைக்குக் கொடுத்தேன்.
உனக்குப் பைத்தியமா என்றான்,
மறுபடி யோசித்துவிடுவேனோ என்று
பேசும்போதே பணத்தை எண்ணினான்.

சனிக்கிழமை இரவு.
மூன்று முறை நீலத் திரை.
நிறத்தைப் பதினாறு பிட்டுக்கு இறக்கி,
ஒலியட்டையை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றி,
ஒரு திருகைத் தொலைத்து,
கெட்ட வார்த்தை ஒன்றை இரண்டு தரம் சொன்னபின்
திறந்தது.
முப்பது சட்டகம். மழை பெய்தால் இருபத்திரண்டு.
ஆனால் வழுக்கிக்கொண்டு போனது,
எண்ணாமல் இருந்தால்.

பத்தடிக்கு அப்பால்
சாம்பல்.
லாந்தரை உயர்த்தினால்
சாம்பல் கொஞ்சம் வெளுத்தது, அவ்வளவுதான்.
கலங்கரை எங்கே? மிருகம் எங்கே?
இருக்கிறதா?
நான் நின்றால் அதுவும் நிற்கிறதா?

திங்கள் காலை
கிரேன் உச்சி, நாற்பது மீட்டர்.
கடலிலிருந்து ஏறிவந்த பனி
கப்பலைத் தின்று, தூக்குக் கயிற்றைத் தின்று,
என் கண்ணாடிவரை வந்து நின்றது.
பதினாறு வருடமாக
இந்தப் பனியைத் திட்டித்தான் சம்பளம் வாங்குகிறேன்.
வேலை நிறுத்தம், மணிக்கணக்கில் காத்திருப்பு,
மேலாளரின் முகம்.

கீழிருந்து வாக்கி டாக்கியில் யாகோடா:
‘ஏதாவது தெரிகிறதா?’

பத்தடிக்கு அப்பால் எதுவோ
உலோகத்தை உலோகத்தால் மெல்லத் தட்டியது.

ஒன்றும் தெரியவில்லை என்றேன்,
கால்கள் இரண்டையும்
இருக்கைமேல் இழுத்துக்கொண்டு.